டர்போபிராப் விமானத்தை மூக்கு மேலே தூக்கி நிறுத்தும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், எங்கள் டெல்டாவில் ரிமோட்டில் ஓடும் பேட்டரி ஃபோம் விமானம் பறக்கவிடப் பிள்ளைகளுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தாள்கட்டைக்கு ஒரு சாண் மேலே ஆட, ப்ராப் (முன்விசிறி) காற்றில் தூசி நாலாபுறமும் விலகும். அப்படி அந்தரத்தில் நிற்கும் ஹோவரில் கை தேறியவர்கள் அடுத்து ஆசைப்படுவது மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைன் ப்ராப்பைச் சுற்றும் டர்போபிராப் மாடலுக்கு. ஆசைப்பட வேண்டியதுதான். ஆனால் ஃபோமில் பழகிய கை அதே பழக்கத்தோடு அதைத் தொட்டால் விமானம் மிஞ்சாது.

பெரிய தவறு, த்ராட்டிலை (திறனைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) நம்பித் தாழ்வாக நிற்பது. பேட்டரி மோட்டார் விரல் அசைந்தவுடன் பதில் சொல்லும். டர்பைன் அப்படியில்லை. உள்ளே சுழலி வேகம் எடுத்த பிறகுதான் ப்ராப்புக்குத் திறன் வரும். ஐடிலிலிருந்து (சும்மா ஓடும் நிலை) முழுத் திறனுக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும். ப்ராப்பின் இழுவை இல்லாமல் விழும் பொருள் இரண்டே விநாடியில் 20 மீட்டர் இறங்கிவிடும், ஒரு தென்னை மர உயரம். பெரிய விமானங்களிலும் இதே கதைதான். அமெரிக்க சாகச விமானி வேய்ன் ஹேண்ட்லி 750 குதிரைத்திறன் பிடி6 டர்போபிராப் இன்ஜினோடு 'டர்போ ரேவன்' விமானத்தைக் கட்டினார். மூக்கு வானத்தைப் பார்க்க நின்று, அங்கிருந்தே மேலே ஏறும் அளவுக்கு அதில் இழுவை இருந்தது. 1999-இல் கலிஃபோர்னியாவின் சலினாஸ் விமான சாகச நிகழ்ச்சியில் கீழே இறங்கும்போது கேட்ட நேரத்தில் திறன் வராமல் அது தரையில் மோதியது. அவர் முதுகெலும்பு முறிந்து உயிர் தப்பினார். ஆகவே சுழலி வேகத்தைக் குறைக்காமல் வைத்துக்கொண்டு, ப்ராப் இதழின் கோணத்தை மாற்றி இழுவையைக் கூட்டிக் குறைக்கும் வழி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அது இல்லாத மாடலில் உயரம் ஒன்றுதான் காப்பு.

அடுத்து, குதிரைத்திறனை மட்டும் எண்ணுவது. நின்ற இடத்தில் அதே ப்ராப்பில் இழுவையை இரட்டிப்பாக்க ஏறக்குறைய 2.8 மடங்கு திறன் வேண்டும். அதைவிட ப்ராப்பின் விட்டத்தைக் கூட்டி, மெதுவாகச் சுற்றவிடுவது மலிவு. எடைக் கணக்கில் எரிபொருளையும் சேர்த்தே போடுங்கள். சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும்போது, 15 டிகிரிக்குப் போட்ட கணக்கைவிடக் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் குறைந்திருக்கும்; டர்பைனின் திறனும் இறங்கும். இழுவை எடையைவிடக் கொஞ்சம்தான் கூட என்றால், மார்கழியில் நின்ற விமானம் சித்திரையில் நிற்காது.

முறுக்கு விசையை மறப்பவர்களும் உண்டு. 750 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் சுமார் 2,670 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 270 கிலோ தொங்குகிற முறுக்கு. ப்ராப் ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் உருளப் பார்க்கும். ஹோவரில் விமானத்துக்கு முன்வேகமே இல்லை, இறக்கைக்குக் கிடைப்பது ப்ராப் தள்ளும் காற்று மட்டும். அது படாத இறக்கை நுனியில் அய்லரானை (உருளலை அடக்கும் இறக்கை மடல்) எவ்வளவு பெரிதாக வைத்தும் பயனில்லை. உடலை ஒட்டிய பகுதியிலிருந்தே தொடங்குங்கள். வாலில் உள்ள ரட்டருக்கும் எலிவேட்டருக்கும் இதே விதிதான்: ப்ராப் காற்று படும் இடத்தில் இருக்க வேண்டும்.

எரிபொருள் விஷயம் சின்னது, ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். மூக்கு மேலே போனால் மண்ணெண்ணெய் டாங்கின் பின்பக்கம் சேரும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி போனாலும் டர்பைன் அணைந்துவிடலாம். பெரிய டாங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சிறு டாங்க் வையுங்கள்.

அப்புறம் நம் ஊர் வயல். ப்ராப் கிளப்பும் வைக்கோல் துரும்பும் புழுதியும் நேராகக் காற்று உள்வாயிலுக்குப் போகும். வலை போட்டாலும் தரையில் பெரிய தார்ப்பாய் விரித்து, அதன் மேல் நிறுத்தித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, திருச்சியில் விமான நிலையம். ட்ரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் வயல் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டே பெட்டியைத் திறங்கள்.