தங்க ரேக்கு ஒட்டும்போது விடக்கூடாத பிழைகள்

சாமிப் படச் சட்டத்துக்கோ பழைய கண்ணாடிச் சட்டத்துக்கோ தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தாள்) ஒட்ட நினைப்பவர்கள் முதல் பிழையைக் கடையிலேயே விடுகிறார்கள். 'கோல்ட் லீஃப்' என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு. தங்கம் பொட்டளவும் இருக்காது. அசல் ரேக்கு வழக்கமாக 80 மில்லிமீற்றர் சதுரத்தில், 25 தாள் கொண்ட சிறு புத்தகமாக வரும். பித்தளை ரேக்கு அதைவிடப் பெரியது, தடிப்பும் கூட.

பித்தளையை வாங்குவது குற்றமில்லை, வார்னிஷ் பூசாமல் விடுவதுதான் குற்றம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று அதைச் சீக்கிரமே கறுக்க வைத்துவிடும். அசல் தங்கம் கறுக்காது. அதன்மேல் வார்னிஷ் பூசினால் மினுக்கம்தான் குறையும்.

ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் பசையில். பூசிய கையோடு ரேக்கை வைத்தால் அது பசைக்குள் அமிழ்ந்து மங்கிப்போகும். தண்ணீர்ப் பசை பால் நிறமாக இருக்கும், அது முழுக்கத் தெளியும்வரை பொறுங்கள். எண்ணெய்ப் பசையில், பதத்துக்கு வர 3 மணிநேரம் எடுப்பது, 12 மணிநேரம் எடுப்பது என்று வகை உண்டு. போத்தலில் போட்டிருக்கும் நேரம் கொழும்பு மழைக்காலத்தைப் பார்த்துப் போட்டதல்ல, கூடுதலாகவே எடுக்கும். மடக்கிய விரலின் மொழியை மெல்ல வைத்து எடுத்துப் பாருங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் வரவேண்டும், விரலில் பசை வரக்கூடாது. அதுதான் பதம். பதம் தப்பிக் காய்ந்துவிட்டால் ரேக்கு பிடிக்காது, திரும்பப் பூசத்தான் வேண்டும்.

வெறும் மரத்தில் நேரே பசை பூசாதீர்கள், மரம் உறிஞ்சிவிடும். முதலில் காவி நிறப் பெயின்ற் அடித்துக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ரேக்கு வெடித்த இடத்தில் காவி தெரிந்தால் அதுவும் ஒரு அழகு. அசல் ரேக்கின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மைக்ரோன்தான், அடியில் ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கம்தான், என்ன செய்வது? வெறும் விரலால் தொட்டால் ரேக்கு விரலிலேயே ஒட்டிக் கிழியும், மென்மையான தூரிகைதான் சரி. ஓரத்தில் உதிரும் துண்டுகளைக் கூட்டி எறியாதீர்கள், வெடிப்புகளை அடைக்க உதவும்.

அப்புறம், மிஞ்சிய பித்தளை ரேக்கைப் பிறந்தநாள் கேக்கில் ஒட்டும் யோசனை வந்தால் கைவிடுங்கள். அது சாப்பிடும் பொருளல்ல. உண்ணத்தக்கது என்று போட்டு விற்கும் ரேக்கு வேறு.