கழுநீர்த் தொட்டிக்குப் போகும் சோற்றைக் குறைக்க

கடலூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு 'சத்துணவு டீச்சர்'. புதிதாக இந்த வேலைக்கு வந்த ஒரு பெண் போன மாதம் கேட்டாள்: "அக்கா, தினமும் ஒரு வாளி மிஞ்சுது, என்ன பண்றது?" அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வாளியை இரண்டாக்குங்கள். அண்டாவில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது இன்னொன்றில். அண்டாவில் மிஞ்சினால் நம் தலைக்கணக்கு தப்பு. தட்டில் மிஞ்சினால் பரிமாறியதிலோ சமைத்ததிலோ தப்பு. ஒரு வாரம் இப்படிப் பிரித்துக் கொட்டினாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தலைக்கணக்குக்கு நேற்றைய எண்ணிக்கையை நம்பாதீர்கள். பிரேயர் முடிந்ததும் வகுப்பு வகுப்பாகப் போய், "இன்னைக்கு யார் யார் சத்துணவு?" என்று கேளுங்கள். வருகைப் பதிவேடு வந்தவர்களைச் சொல்லும், டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர்களைச் சொல்லாது. அப்புறம், சமையலறையில் ஒரு தினசரி காலண்டர் மாட்டுங்கள். முகூர்த்த நாள் என்றால் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், வீட்டோடு பிள்ளைகளும் போய்விடுவார்கள். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த அலுப்பில் மறுநாள் பாதி வகுப்பு காலியாக இருக்கும். இதெல்லாம் காலண்டரிலேயே இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

சாம்பார் சாதம், வெறும் சோறு நாட்களில் முக்கால் பங்கு அரிசியை முதலில் உலையில் போடுங்கள். மீதியை அளந்து, ஊறவைக்காமல் தனியாக வையுங்கள். எண்ணிக்கை உறுதியான பிறகு போட்டால் போதும். பிரியாணி, புலாவ் நாளில் இது சரிப்படாது. அன்றைக்குக் கணக்கில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இனி தட்டு. இங்கேதான் அதிகம் வீணாகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். 100 கிராம் வெந்தால் கால் கிலோவுக்குக் குறையாத சோறு. ஐந்து வயசுப் பிள்ளைக்கும் பத்து வயசுப் பிள்ளைக்கும் ஒரே அளவு! அது அரிசி எடுக்கும் கணக்கு, கரண்டிக் கணக்கு இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. காலையில் பொங்கல் சாப்பிட்ட வாண்டு மதியம் எவ்வளவுதான் சாப்பிடும்?

அதனால் சின்ன வகுப்புக்கு முதல் பந்தி, முதல் சுற்றில் அரைக் கரண்டி. கட்டாயம் இரண்டாவது சுற்று வர வேண்டும். எங்கள் சத்துணவு ஆயா ஒரேயடியாகக் குவித்துப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முதுகுவலியோடு அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு யார் இரண்டு நடை நடப்பது? மறுசோற்றுக்கு மட்டும் ஒரு சின்னத் தூக்கு வாங்கிக் கொடுத்தேன். நடந்தார். மறுபடி கேட்கிற பிள்ளையிடம் முகம் சுளிக்கக் கூடாது. ஒரு தடவை சுளித்தால், அடுத்த நாள் அது முதலிலேயே மலை மாதிரி வாங்கி, பாதியைக் கொட்டும்.

சமையலில் நான் பட்ட பாடு கொண்டைக்கடலை. முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட வேண்டும். ஒருமுறை மறந்துபோய், காலையில் வெந்நீரில் போட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். அன்றைக்குத் தட்டு ஓரமெல்லாம் கடலை கோலிக்குண்டு மாதிரி உருண்டது. முட்டையை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மஞ்சள் கரு மாவாகிப் பச்சைப் படலம் கட்டும், பிள்ளைகள் வெள்ளையைத் தின்றுவிட்டுக் கருவைக் கீழே போடுவார்கள். கொதி வந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கறிவேப்பிலையை அரைத்துச் சேர்த்துவிடுங்கள். பரங்கிக்காயைச் சாம்பாரிலேயே மசித்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மிஞ்சினால்? அண்டாவில் சூடாக இருக்கும்போதே பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போடுங்கள். வீட்டுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். கடலூர் வெயிலில் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். தட்டு மிச்சம் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, முட்டை ஓடு நொறுக்கி முருங்கைமரத்தடிக்கு. சமைக்காமல் மிச்சமான அரிசியை அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எச்.எம். கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் வீண் பேச்சுக்கு இடமாகும்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். அண்டா வாளியில் அடி மட்டும்தான் நனைகிறதாம். தட்டு வாளி வியாழக்கிழமை மட்டும் இன்னும் நிறைகிறதாம். அன்றைக்குப் போடும் சாம்பாரில் கத்திரிக்காயை எப்படி நறுக்குகிறாய் என்று கேட்டேன். நாலாகப் பிளந்து போடுகிறாளாம்.