கஸ்டமர்கிட்ட தேதி சொல்றதுல நாம பண்ற தப்புங்க

பதினாலு வருஷமா தையல் யூனிட் நடத்துறேன், பெரும்பாலும் ஆரி ஒர்க், அதாவது துணியை ஃப்ரேம்ல மாட்டி கையால போடற எம்ப்ராய்டரி, போட்ட கல்யாண பிளவுஸ்தான். லேட் ஆனதுக்காக கோச்சுக்கிட்டு போன கஸ்டமர் கம்மி, லேட் ஆகும்னு நமக்கு தெரிஞ்சும் சொல்லாம விட்டதுக்காக போனவங்கதான் ஜாஸ்தி.

எல்லா கடையிலயும் நடக்கற தப்பு, போனை வச்சா போதும்னு ஒரு தேதியை சொல்லிடறது. "வெள்ளிக்கிழமை வாங்க மேடம்"னு கவுண்டர்ல இருக்கற பொண்ணு சொல்லிடும், உள்ள எத்தனை பீஸ் கிடக்குன்னு அதுக்கு தெரியாது. அவங்க ரெண்டு பஸ் மாறி வந்து நிப்பாங்க, கை பீஸ் இன்னும் ஆரி ஃப்ரேம்லயே மாட்டியிருக்கும். இப்பல்லாம் துணி வெட்டற மாஸ்டர்கிட்ட கேக்காம எங்க கடையில யாரும் தேதி சொல்றதில்ல, நான் உட்பட. கொக்கி, ஹெம்மிங்குக்குன்னு ரெண்டு நாள் கூட வச்சுதான் சொல்றோம்.

அடுத்தது ஓனர் பண்ற தப்பு, இதுதான் பெருசு. ஒரு தடவ எங்க மாஸ்டர் பட்டு பிளவுஸ்ல பேக் நெக்கை ஒரு இன்ச் ஜாஸ்தியா வெட்டிட்டாரு. அதுக்கு முந்தின மாசம்தான் வேற ஒரு தப்புக்காக எல்லார் முன்னாடியும் அவரை நான் கத்தியிருந்தேன், அதனால பயந்துபோய் துணியை மடிச்சு கீழ வச்சுட்டாரு. ஞாயித்துக்கிழமை கல்யாணம், எனக்கு தெரிஞ்சது வெள்ளி ராத்திரி. திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா கழுத்து டிசைனை மாத்தலாமான்னு அந்த கல்யாண பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாம், அந்த பட்டு புடவையோட சேர்ந்து வந்த துணி, வேற எங்கயும் கிடைக்காது. அந்த பொண்ணு ரெடிமேட் பிளவுஸ் போட்டுதான் மணவறையில உக்காந்துச்சு. அதுக்கு நான்தான் காரணம், இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது. அன்னிலருந்து தப்பை சொல்றவங்களை நான் திட்டறதில்ல, மறைச்சாதான் கோவம் வரும்னு சொல்லி வச்சிருக்கேன்.

மன்னிப்பு கேக்கறதுலயும் பெரிய கம்பெனிங்களே சறுக்கியிருக்காங்க. 2017 ஏப்ரல் 9, சிகாகோ ஏர்போர்ட்ல யுனைடெட்ங்கற அமெரிக்க விமான கம்பெனியோட விமானத்துல தங்களோட ஸ்டாஃப் 4 பேருக்கு சீட் வேணும்னு, உக்காந்திருந்த பயணியை இறங்க சொல்லி, அவர் மாட்டேன்னதும் செக்யூரிட்டி ஆளுங்க தரையில இழுத்துட்டு போனாங்க, வீடியோ உலகம் முழுக்க பரவிடுச்சு. தலைமை அதிகாரி ஆஸ்கர் முன்யோஸ் முதல்ல பயணிகளை வேற விமானத்துக்கு மாத்த வேண்டி வந்ததுக்கு வருத்தம்னாரு, அப்புறம் ஸ்டாஃபுக்கு எழுதின லெட்டர்ல அந்த பயணிதான் தகராறு பண்ணாருன்னு எழுதினாரு, ரெண்டு நாள் கழிச்சுதான் முழு மன்னிப்பு. முதல் நாளே கேட்டிருந்தா அவ்வளவு கோவம் கிளம்பியிருக்காது.

2018 பிப்ரவரில பிரிட்டன்ல கேஎஃப்சி டெலிவரி கம்பெனியை மாத்தினப்ப சிக்கனே வராம நூத்துக்கணக்கான கடைங்க மூடிச்சு. அவங்க பேப்பர்ல முழு பக்க விளம்பரம் போட்டு நேரா மன்னிப்பு கேட்டாங்க, எந்த கடை திறந்திருக்குன்னு பாக்கறதுக்கும் வழி பண்ணாங்க. ஜனங்க அதை மனசார ஏத்துக்கிட்டாங்க.

போன ஆவணி முகூர்த்தத்துல எங்க ரெண்டு டெய்லருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல். சனிக்கிழமை டெலிவரி, புதன்கிழமையே இருபது பேருக்கு நானே வாய்ஸ் நோட் போட்டேன், காரணத்தை சொல்லி, செவ்வாய் தரேன், அவசரம்னா துணியை திருப்பி தரேன், அட்வான்ஸும் தரேன்னு. மூணு பேர் வாங்கிட்டாங்க, அவங்களுக்கு பக்கத்து தெரு டெய்லர்கிட்ட நானே பேசி விட்டேன். மீதி பதினேழு பேரும் செவ்வாய்க்கிழமை வந்தாங்க.