இட்லி மாவு புத்தி சவர்டோவுக்கு வரவில்லை

சவர்டோ என்பது கடை ஈஸ்ட் போடாமல், மாவைத் தானாகப் புளிக்கவிட்டுச் சுடும் ரொட்டி. அதற்கான ஸ்டார்ட்டர், அதாவது மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைக்கும் கலவை, மூன்றாம் நாளே பாட்டில் மூடியை முட்டிக்கொண்டு பொங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். அது ஈஸ்ட் இல்லை, வேறு பாக்டீரியாக்களின் ஆட்டம். நாலாம் நாள் படுத்துவிட்டது. கொட்டாமல் தினமும் கோதுமை மாவு போட்டதில் பத்தாம் நாள் நிஜமாகவே உயிர் வந்தது.

ஆனாலும் ரொட்டி தோசைபோல் பரந்தது. சென்னை, மே மாதம், அடுக்களையில் 34 டிகிரி. குளிர்தேசத்துச் செய்முறைப்படி ராத்திரி முழுக்க வெளியே வைத்த மாவு, விடிவதற்குள் புளித்துப்போய் விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. வெயில் காலத்தில் இட்லி மாவைச் சீக்கிரமே ஃப்ரிட்ஜில் வைக்கத் தெரிகிறதே, இதற்கு ஏன் தோன்றவில்லை?

இப்போது ஸ்டார்ட்டருக்குத் தீனி போடும்போது, அதில் 10 கிராமுக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் பானைத் தண்ணீர். அதைச் சேர்த்துப் பிசைந்த ரொட்டி மாவு பாதிக்குமேல் உப்பியதும், கடிகாரத்தைப் பார்க்காமல் உருட்டி ஃப்ரிட்ஜுக்குள். மறுநாள் ஓவனில், மூடிய இரும்புச் சட்டிக்குள் நன்றாக எழும்புகிறது.