உங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கிவிட்டார்களா? செய்ய வேண்டியவை

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு போன் வரும். அல்லது வீட்டுக்கடன் கேட்கப் போன இடத்தில் சிபில் சரியில்லை என்பார்கள். பான், ஆதார் நகலை வைத்து யாரோ கைவரிசை காட்டியது பலருக்கும் இப்படித்தான் தெரியவருகிறது.

எவ்வளவு மிரட்டினாலும் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக நிறுவனம் வாதாடும். ‘பாதி கட்டி செட்டில் பண்ணிக்கோங்க’ என்பதும் வேண்டாம். உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ (பாதியில் முடித்தது) என்று ஏறினால், அடுத்த கடனுக்கு அதுவே முட்டுக்கட்டை.

படி 1: ரிப்போர்ட்டை எடுங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கிரெடிட் பீரோக்களும் (கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனங்கள்) ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுங்கள். கடன் பட்டியலோடு நிற்காமல் ‘என்கொயரி’ பகுதியையும் பாருங்கள்; நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கிருந்தால், வேறு கடனுக்கும் முயற்சி நடந்திருக்கிறது. உங்களுடையதல்லாத போன் எண், முகவரி இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

படி 2: போலீஸ் புகார்

உங்கள் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால் உடனே 1930. மற்றபடி தேசிய சைபர் கிரைம் போர்டலில் பதியுங்கள். அங்கே கிடைக்கும் ஒப்புகை எண் எஃப்.ஐ.ஆர். ஆகாது, பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போய், தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66சி-யைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது அந்தப் பிரிவுதான். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம்.

படி 3: கடன் கொடுத்த நிறுவனம்

காரியம் முடிவதும் கெடுவதும் இங்கேதான். கஸ்டமர் கேரில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இந்தக் கடன் என்னுடையதல்ல’ என்று முதல் வரியிலேயே எழுதி, இவற்றைக் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம், கேஒய்சி நகல், செல்ஃபி, ஓடிபி போன மொபைல் எண், பணம் விழுந்த வங்கிக் கணக்கு. கடைசி இரண்டும்தான் உங்கள் துருப்பு. அந்த எண்ணும் கணக்கும் உங்களுடையவை அல்ல என்றால், மேற்கொண்டு வாதாட அவர்களிடம் அதிகம் இருக்காது.

சரிபார்க்க உங்கள் ஆவணம் கேட்பார்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே ‘மோசடிப் புகாருக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். முடிவில் ‘இவருக்கு இந்தக் கடனில் பொறுப்பில்லை’ என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: ரிப்போர்ட்டைத் திருத்துங்கள்

அந்தக் கடன் தென்படும் ஒவ்வொரு பீரோவிலும் ஆன்லைனில் டிஸ்பியூட் (ஆட்சேபம்) போடவேண்டும். ‘தொகை தவறு’ என்பதைத் தேர்ந்தால் கடன் உங்களுடையதுதான் என்றாகிவிடும். கடனே என்னுடையதல்ல என்று பொருள்படும் ‘ஓனர்ஷிப்’ என்பதையே தேருங்கள். நிறுவனம் ஒப்பாமல் பீரோ தானாக எதையும் நீக்காது, ஆகவே படி 3-ஐத் தவிர்க்க வழியில்லை. டிஸ்பியூட்டை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ கைவிரித்தாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். விவரம் கேட்க 14448.

படி 5: மற்ற கதவுகள்

மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி, கடந்த 6 மாதத்தில் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று பாருங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரிலுள்ள சிம்கள் தெரியும்; அறியாத எண்ணுக்கு ‘என் எண் அல்ல’ என்று கொடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், உங்கள் பெயரில் கம்பெனியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

வராக்கடன்கள் வேறு நிறுவனத்துக்கு விற்கப்படுவதுண்டு. அப்படிப் போனால் அதே கடன் புதிய பெயரில் ரிப்போர்ட்டில் மறுபடி முளைக்கும். அப்போது அனுப்ப, எஃப்.ஐ.ஆர். நகலும் பொறுப்பின்மைக் கடிதமும் கைவசம் இருக்கட்டும்.