இடைப்பால் கதாபாத்திரம் எழுதுவது எப்படி? எனக்குச் சறுக்கிய இடத்தோடு சேர்த்து

பார்வைக்கோணம், உரையாடல் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: உடல்நிலையைப் பெயரோடு முடிவு செய்யுங்கள். இடைப்பால் (intersex) என்றால் ஆண், பெண் என்ற வழக்கமான உடல் வரையறைக்குள் முழுதாக அடங்காத உடலமைப்போடு பிறப்பது. அது ஒரே மாதிரி உடல் அல்ல, திருநர் என்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை, அதாவது ஆண் ஹார்மோன்களுக்கு உடல் பதில் தராத நிலை, முழுமையாக இருந்தால் குரோமோசோம் ஆண்களுக்கு வழக்கமான எக்ஸ்ஒய், ஆனால் பார்க்கப் பெண் குழந்தைதான். கருப்பை இருக்காது, இன்னும் வயதுக்கு வரவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்கும் தெரியவரும். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் சுரப்பு பிறவியிலேயே மாறியிருக்கும் நிலை) என்றால் கதையே வேறு: பெரும்பாலும் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, கடும் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். இந்த மாத்திரை டப்பா கதைக்குள் வந்தாலே பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடும்.

படி 2: ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் உடலுக்கு என்ன நடந்தது, வலது பக்கம் அது பாத்திரத்துக்கு எப்போது தெரிந்தது. மென்பொருளை விட இதற்குக் காகிதம்தான் நல்லது, இடைவெளி கண்ணில் படும். ஆண்டும் நாடும் குறித்துக்கொள்ளுங்கள். மால்டா 2015இல் இடைப்பால் குழந்தைகளுக்கு ஒப்புதல் இல்லாத, தேவையற்ற அறுவை சிகிச்சையைத் தடை செய்தது. 1980இல் பிறந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எந்த நாட்டிலும் இல்லை, பிள்ளையிடம் சொல்லவே வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுரை சொன்ன மருத்துவர்களும் அப்போது நிறைய.

படி 3, இங்கேதான் நான் மாட்டினேன். நாயகியின் உடல் ரகசியத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்து, திடுக்கிட வைக்கிறோம் என்று நினைத்தேன். படித்துப் பார்த்த இடைப்பால் தோழி கேட்டார்: "அவளுக்கு முன்னாடியே தெரியும்ல, அப்புறம் ஏன் என்கிட்ட மட்டும் மறைச்சீங்க?" பதில் இல்லை. அதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்ததும் கதை திறந்துகொண்டது, ஏனென்றால் இனி கேள்வி அவள் உடல் அல்ல, அம்மா எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள், அதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்பதுதான். திடுக்கிடல் வேண்டுமென்றால் அங்கே வையுங்கள்.

பின்சேர்க்கை: அவனா, அவளா, அவரா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாத்திரம் ஆணாக வாழ்ந்தால் அவன், பெண்ணாக வாழ்ந்தால் அவள். இடைப்பாலினர் பலரும் அப்படித்தான் வாழ்கிறார்கள். பாத்திரத்துக்கே இன்னும் முடிவாகவில்லை என்றால் 'நான்' என்று தன்மையில் எழுதுங்கள், 'வந்தேன், போனேன்' என்பதில் பால் விகுதியே கிடையாது. அப்போது பாட்டி 'அவ வந்தா' என்றும் நண்பன் 'அவன் வந்தான்' என்றும் சொல்வது தனியாகக் காதில் விழும்.