டயாலிசிஸ் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர் செவிலியர்களுக்கு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது 'பராமரிப்பின் தரமும் வாழ்க்கைத் தரமும்' என்று எழுதிவிடுவது சுலபம். இரண்டும் வேறு வேறு என்பது தரவு சேகரிக்க இறங்கிய பிறகுதான் உறைக்கும். பராமரிப்பின் தரம் நம் கையில் நடப்பது: ஊசி போடும் இடத்தைச் சுத்தம் செய்தோமா, வலிக்கு மருந்து கொடுத்தபின் திரும்பிப் போய்க் கேட்டோமா, படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைத்தோமா. வாழ்க்கைத் தரம் நோயாளி தன் நாட்களைப் பற்றி என்ன உணர்கிறார் என்பது. வார்டில் குறையே இல்லாமல் கவனிக்கப்படும் ஒருவர், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் கூலியை இழப்பதாலும் பாகூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதாலும் தன் வாழ்க்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுக்கலாம். அதற்காக வார்டைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கருவியால், தனித்தனித் தாளில் அளக்க வேண்டும்.

எந்தக் கேள்விப் பட்டியல்?

சொந்தமாகக் கேள்வி தயாரிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-க்யூஓஎல் பிரெஃப் தமிழில் இருக்கிறது. இதன் தாய்க் கருவியான நூறு கேள்விப் பட்டியல் உருவானபோது உலகெங்கும் இருந்த ஆய்வு மையங்களில் சென்னையும் ஒன்று. அதனால் தமிழ் வடிவம் வெறும் மொழிபெயர்ப்பாக வந்ததல்ல. மொத்தம் 26 கேள்விகள். முதல் இரண்டு பொதுவானவை. மற்ற 24-ம் நான்கு பகுதிகளாகப் பிரியும்: உடல்நலம் 7, மனநலம் 6, சமூக உறவு 3, சுற்றுச்சூழல் 8. எல்லாக் கேள்வியும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. பதில் 1 முதல் 5 வரை.

டயாலிசிஸ் நோயாளிக்கென்றே உள்ள கேடிக்யூஓஎல்-36 இன்னும் நுட்பமானது. நோயின் சுமை, அரிப்பு, தசைப்பிடிப்பு, தண்ணீர்க் கட்டுப்பாடு போன்றவற்றையெல்லாம் கேட்கும். நேரம் குறைவென்றால் ஐந்தே கேள்வியும் 0 முதல் 100 வரை ஒரு அளவுகோலும் உள்ள ஈக்யூ-5டி போதும். எதை எடுத்தாலும் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட தமிழ் வடிவத்தையே பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு தட்டச்சுப் பிரதியை நம்பினால், நடுவில் விழுந்துபோன ஒரு சொல் ஆய்வையே கெடுத்துவிடும்.

எத்தனை பேர்?

'அறுபது பேர் போதும்' என்று வாய்வழி வரும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். சராசரியைக் கணிக்கும் ஆய்வுக்குச் சூத்திரம் எளிது: 1.96-ன் (95 சதவீத நம்பிக்கை அளவுக்கான எண்) வர்க்கம், பெருக்கல் திட்ட விலக்கத்தின் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வர்க்கம், வகுத்தல் ஏற்கும் பிழையின் வர்க்கம். திட்ட விலக்கம் 15, ஏற்கும் பிழை 3 என்றால் 3.8416 × 225 ÷ 9 = 96.04, அதாவது 97 பேர். பத்து சதவீதம் பேர் பாதியில் விலகுவார்கள் என்று வைத்தால் 97 ÷ 0.9 = 108. திட்ட விலக்கத்தை முந்தைய ஆய்விலிருந்தோ உங்கள் பைலட் எனும் சிறு முன்னோட்ட ஆய்விலிருந்தோ எடுத்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு மையத்தில் அத்தனை டயாலிசிஸ் நோயாளிகள் இல்லாமல் போகலாம். புதுச்சேரியில் ஒன்று, கடலூரில் ஒன்று என இரண்டு மையம் எடுத்தால் இரண்டு நிர்வாகம், இரண்டு அனுமதி. ஒரு கமிட்டியின் கடிதத்தைக் காட்டி மறுபக்கம் நுழைய முடியாது. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கையில் வரும் முன் பைலட் உட்பட ஒருவரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. பயிற்சியோ சிகிச்சையோ கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

நோயாளி பற்றிய விவரத் தாளில் வயது, பாலினத்தோடு மூன்று விஷயங்களை மறக்காமல் சேருங்கள்: எந்த மாநில ரேஷன் கார்டு, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், ஒரு வழிப் பயண நேரம். கடலூரிலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வரும் நோயாளிக்கும் உள்ளூர்க்காரருக்கும் கிடைக்கும் திட்டங்களும் செலவும் ஒன்றல்ல. இதைக் குறிக்காமல் விட்டால் 'சுற்றுச்சூழல்' பகுதியில் வரும் வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. சமூகப் பொருளாதார நிலைக்குக் குப்புசாமி அளவுகோல் நகரக் குடும்பங்களுக்கானது. கடலூர் மாவட்டக் கிராமத்தார் அதிகம் என்றால் பி.ஜி.பிரசாத் அளவுகோல் பொருந்தும். இரண்டிலும் வருமான வரம்பை அந்த ஆண்டு விலைக் குறியீட்டுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

படுக்கையருகே கேட்பது

ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். புள்ளியியல் மென்பொருளால் தவறாகக் கேட்ட கேள்வியைச் சரிசெய்ய முடியாது.

முதலில் நேரம். ஒப்புதல் கையெழுத்தை ஊசி குத்துவதற்கு முன்பே வாங்குங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு) வலது கையில் இருப்பவர் ஊசி ஏறியபின் கையெழுத்துப் போட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் கைநாட்டோடு, ஆய்வுக்குத் தொடர்பில்லாத படித்த சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். நான்கு மணி நேர டயாலிசிஸில் முதல் இரண்டு மணிக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். பின்பாதியில் ரத்த அழுத்தம் இறங்கும், கால் இழுத்துப் பிடிக்கும். அப்போது கேட்டால் இரண்டு வார வாழ்க்கைக்குப் பதில் அந்த நிமிட அவதிக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். ஞாயிறு இடைவெளிக்குப் பின் மூச்சு வாங்க வரும் நோயாளியும் வாரநடுவில் வருபவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எல்லோரிடமும் வாரநடு டயாலிசிஸின்போதே கேளுங்கள்.

இரண்டாவது, யார் கேட்பது. அந்த யூனிட்டில் வேலை செய்யும் சிஸ்டரே யூனிஃபார்மில் நின்று 'கவனிப்பு எப்படிங்க ஐயா?' என்று கேட்டால் 'ஒரு குறையும் இல்லைம்மா' என்றுதான் பதில் வரும். நாளைக்கு ஊசி போடப்போவதும் அவர்தானே. வேறு துறை மாணவியோ, யூனிஃபார்ம் இல்லாமல் வருபவரோ கேட்கட்டும். 'உங்கள் பதில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் போகாது, சிகிச்சை மாறாது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடியே நடக்கவும் வேண்டும்: தாளில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்.

மூன்றாவது, உடன் வந்தவர். மனைவியோ மகனோ பக்கத்தில் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார். டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்புங்கள். முக்கியமாக டபிள்யூஎச்ஓ-க்யூஓஎல் பிரெஃப்பின் 21-வது கேள்வி தாம்பத்திய உறவைப் பற்றியது. மருமகள் எதிரில் எந்தப் பெரியவரும் அதற்கு வாய் திறக்க மாட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அட்டையைக் கையில் கொடுத்து விரலால் தொட்டுக் காட்டச் சொல்லலாம். கணவரை இழந்த அம்மாவிடம் வற்புறுத்த வேண்டாம். விடுபட்டதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பதிலின் மொழி. 'பரவால்ல', 'ஏதோ ஓடுதும்மா', 'இருக்கேன்' என்று வரும் பதில்களை நீங்களே 3 என்று போட்டுக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. பரவாயில்லை என்பது ஒருவருக்குத் திருப்தி, இன்னொருவருக்கு வெறும் அலுப்பு. ஐந்து விடைகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைக் காட்டி, ஐந்தையும் படித்துக் காட்டி, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மெதுவாகத் திரும்பப் படியுங்கள். உங்கள் சொந்த விளக்கம் சேர்த்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கேள்வித்தாள் ஆகிவிடும்.

26-வது கேள்வி விரக்தி, மனச்சோர்வு பற்றியது. 'எப்போதும்' என்று ஒருவர் சொன்னாலோ, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தாலோ, கேள்வித்தாளை மூடி வையுங்கள். அவரைத் தனியே விடாமல் பணியில் உள்ள டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். டெலி-மானஸ் எனும் அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணையும் கொடுங்கள். இந்த ஏற்பாடு ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்குக்கு இது ஒன்றே விலக்கு என்பதையும் ஒப்புதல் தாளில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மாதம். நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர்க் கரையோரம் என்ன ஆகும் என்பது 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புயலுக்கு அடுத்த இரண்டு வாரத்தில் போக்குவரத்து, வீடு, பாதுகாப்பு பற்றிக் கேட்டால் பதில் எப்படி இருக்கும்? மழைக்காலத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால் தேதியைக் குறித்துத் தனியாகப் பாருங்கள்.

மதிப்பெண் போடுவது

டபிள்யூஎச்ஓ-க்யூஓஎல் பிரெஃப்பில் 3, 4, 26 ஆகிய கேள்விகள் தலைகீழ்: எண் கூடினால் நிலை மோசம். பதில் எண்ணை 6-லிருந்து கழிக்க வேண்டும். உடல்நலப் பகுதியில் 3, 4, 10, 15, 16, 17, 18 ஆகிய ஏழு கேள்விகள். ஒருவர் முறையே 4, 4, 3, 3, 2, 3, 2 என்று சொன்னதாக வையுங்கள். முதல் இரண்டும் திருப்பியபின் 2, 2. கூட்டுத்தொகை 17, சராசரி 2.43. இதை 4-ஆல் பெருக்கினால் 9.71. அதிலிருந்து 4 கழித்து, 100-ஆல் பெருக்கி, 16-ஆல் வகுத்தால் 35.7. திருப்ப மறந்திருந்தால் இதே ஆளுக்கு 50 வந்திருக்கும். வலியில் துடிப்பவர் தாளில் சுமாராக இருப்பதாகத் தெரிவார். உடல்நலப் பகுதியின் க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) சந்தேகப்படும்படி இறங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒருவர் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளை விட்டிருந்தால் அந்தத் தாளையே ஒதுக்க வேண்டும். ஒரு பகுதியில் இரண்டு வரை விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை வைக்கலாம். சமூக உறவுப் பகுதியில் மூன்றே கேள்வி என்பதால் ஒன்றுதான் விடலாம். 21-வது கேள்வி பலருக்கும் விடுபடும் என்பதால் 20, 22 இரண்டுக்கும் பதில் வந்ததா என்று எழுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

26 கேள்விகளையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் போடாதீர்கள். நான்கு பகுதிக்கும் தனித்தனிச் சராசரியும் திட்ட விலக்கமும் கொடுங்கள். 'குறைவு, மிதம், நன்று' என்று 33, 66-ல் வெட்டிப் பிரிப்பது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. கருவியின் கையேட்டில் அப்படி ஒரு வெட்டெல்லை கிடையாது. அதேபோல வயது, மதம், கல்வி, உணவுப் பழக்கம் என்று பன்னிரண்டு விவரங்களோடு கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஒன்றின் பி-மதிப்பாவது 0.05-க்குக் கீழே விழுந்து தொடர்பு இருப்பதுபோலத் தெரிய ஏறக்குறைய 46 சதவீத வாய்ப்பு உண்டு. எந்த மூன்று நான்கு விவரங்களைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

வார்டின் பக்கம்

பராமரிப்பின் தரத்துக்கு எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். படுக்கைப் புண் நல்ல தேர்வு. நோயாளி வார்டில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பு மூட்டு எல்லாம் பார்த்துப் பதிய வேண்டும். இல்லையென்றால் வீட்டிலிருந்தே வந்த புண் வார்டின் கணக்கில் ஏறிவிடும். நம் நிறத்துத் தோலில் முதல் நிலைப் புண் சிவப்பாகத் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலில் 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்தில் இருப்பவர்.

கணக்கு: 38 படுக்கையும் நிரம்பிய வார்டில் 30 நாளுக்கு 1,140 நோயாளி-நாள். புதிய புண் 3 என்றால் 3 ÷ 1,140 × 1,000 = 2.6, அதாவது ஆயிரம் நோயாளி-நாளுக்கு 2.6 புண். தலைக்கணக்கைத் தினமும் ஒரே நேரத்தில், நள்ளிரவில் எடுங்கள். எண்ணத் தொடங்கிய முதல் மாதம் எண்ணிக்கை ஏறும். புண் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். வார்டு பொறுப்பு சிஸ்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் பதிவேட்டில் புண்ணே இருக்காது.

ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கத்தில், தமிழில், நான்கு பகுதிச் சராசரியையும் வார்டு எண்ணையும் எழுதி யூனிட்டுக்குக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே ஆள், அதே நேரம், அதே அட்டையோடு திரும்ப எடுக்க ஒரு தேதியையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.